கெட்டுப்போகாத கார்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தபோது, மலேசியாவின் காப்பாரில், என் வீட்டு வாசலில் நடந்தது இது.

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் படிவங்களில் பிழை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவம் வந்தாலும் என் மனைவி என்னிடம் நீட்டி, "எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்பாள். பெண்களுக்கான சிறுகடன் குழுவில் சேர்ந்த பின் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. ஐந்து பெண்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன். கணவன் கையெழுத்துக்குக் கட்டமே இல்லை. இருமுறை தேடிப் பார்த்தேன்.

அவள் இட்லி மாவு அரைத்து விற்றாள். விற்காத மாவில் எனக்குத் தோசை. திங்கள்கிழமை கூட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே திரும்புவாள். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பொறாமை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'நிர்வாகக் குறைபாடு' என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தத் திங்கள், குழுவின் இளையவளுக்குக் கடன் கிடைக்கும் நாள். கணவனை இழந்தவள். தீபாவளி பிஸ்கட்டுக்கு ஆர்டர் எடுத்துவிட்டு, ஓவன் வாங்கக் காத்திருந்தாள். ஐவரும் நேரில் இருந்தால்தான் பணம். ஒருத்தி வராவிட்டால் அடுத்த மாதம்தான். அந்த விதியை மனைவிக்கு முன்பே நான் படித்திருந்தேன். முழங்கால் வலியால் மனைவியால் மோட்டார்சைக்கிளில் ஏற முடியாது, என் காரில்தான் கூட்டத்துக்குப் போயாக வேண்டும் என்பதும் தெரியும்.

"கார் கிளம்பல. பேட்டரி போயிருச்சு," என்றேன்.

என்னையே ஒரு கணம் பார்த்தவள், போனை எடுத்தாள்.

அரைமணி நேரத்தில் நான்கு பெண்களும் மோட்டார்சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள், பின்னாலேயே கடன் கொடுக்கும் மலாய் அதிகாரியும். கூட்டம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. இளையவள் கையில் பேட்டரிக்கு மாட்டும் கேபிள்.

"சாவி கொடுங்க அங்கிள்."

திருப்பினாள். முதல் திருப்பிலேயே கார் உறுமியது.

"அங்கிள், வண்டி நல்லாத்தான் இருக்கு லா. போறதுக்குத்தான் மனசில்ல போல!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த வண்டி அப்படித்தான்மா. சில நாளு மக்கர் பண்ணும்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஐவரும் கையெழுத்திட்டார்கள். அதிகாரி ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினார்: "அங்கிள், பென் அடா?" பேனாவைக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

தீபாவளிக்கு இளையவள் சுட்ட பிஸ்கட் ஒரு டின் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பொறாமை முழுதாகப் போய்விட்டது என்றால் அதுவும் பொய். திங்கள்தோறும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் எந்தப் படிவமும் இல்லாமல் என் பொய்க்கு ஜாமீன் நின்றவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்ததும், பேசாமல் சாவியைத் திருப்பிவிடுகிறேன்.