ஒலிக்காத எச்சரிக்கை

பத்தாவதில் தோற்று, லாரியில் கிளீனராகச் சுற்றி, சூரத்தில் சாயப்பட்டறையில் வெந்து, பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்தபோது கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வித்தைதான் என்னைக் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் சேர்த்தது. கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது வேலை. படுக்கையும் அதன் பக்கத்திலேயே, மாடியில்.

ஐயம்பேட்டைக் கிளையில் நெசவாளர்கள் கொடுக்கும் சேலைகள் அங்கே பதிவாகி, அந்தப் பதிவு எங்கள் டேட்டாபேஸுக்கு வந்து சேரும். பதிவு வருவது நின்றால், கண்காணிப்பு மென்பொருள் என் செல்போனுக்கும் மேனேஜரின் கம்ப்யூட்டருக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். ஒரு முகூர்த்த சமயத்தில் கிளையின் இணைப்பு அறுந்து பதிவு நின்றுபோனது, எச்சரிக்கை வரவில்லை. கிளையில் சேலைகள் குவிந்து கிடக்க, சரக்கில்லை என்று ஒரு கல்யாண வீட்டாரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

முதலாளி மாடிக்கு வந்தார். "இன்னாபா, தூங்கினு இருந்தியா? நீதான் அந்த அலாரத்த நிறுத்தி வச்சிருப்ப. இல்லன்னா சாயந்திரத்துக்குள்ள யாருன்னு காட்டு. காட்டலன்னா கெளம்பிடு."

மென்பொருளின் திரையில் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத்தான் திறக்க முடியும். அந்தப் பழைய மெஷினில் ஒன்று திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதை மூடிவிட்டு, கறுப்புத் திரையில் கட்டளைகளைக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: எல்லா எச்சரிக்கைகளின் அமைப்புகளையும் எடு, நிறுத்தி வைத்திருப்பதை மட்டும் காட்டு. முதல் தடவை பிழை. திருத்தி ஓட்டினேன். ஒரே வரி வந்தது. பதிவு நின்றால் ஒலிக்க வேண்டிய அதே எச்சரிக்கை. நிறுத்தியது மேனேஜரின் கம்ப்யூட்டர். நிறுத்திய தேதியைக் காலண்டரில் பார்த்தேன். அமாவாசை.

முதலாளி மேனேஜரை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அமாவாசைக்குத் தறி ஓடாது, சேலை எங்கேர்ந்து வரும் முதலாளி? இது காலையிலேர்ந்து கத்திக்கினே இருந்துது. ஒரு அமுக்கு அமுக்கினேன்."

"மறுநாள் தொறந்து வுட்டியா?"

"அதுவே பேசும்னு நெனச்சேன்."

முதலாளி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமாவாசைகளில் மட்டும் சும்மா இரு என்று தேதிகளைக் கொடுத்து, எச்சரிக்கையைக் கட்டளையிலேயே இயக்கினேன். ஐயம்பேட்டை இணைப்பு இன்னும் செத்துத்தான் கிடந்தது. என் போன் அலறியது. கீழே மேனேஜரின் கம்ப்யூட்டரும் சேர்ந்து கத்த, சேலை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது படிக்கட்டு வழியே தெரிந்தது.

"மேனேஜரே, இனிமே இவரக் கேக்காம அதுல கை வெக்காத," என்றார் முதலாளி.

"அத்த நிறுத்துபா முதல்ல!" என்று மேனேஜர் காதைப் பொத்தினார்.

நான் உடனே நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.