மூன்றாம் நாள் தொடைவலி

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில், புதிதாகச் சேரும் பெண்களின் லாக்கரில் மூன்று நாள் வரை பெயர் ஒட்ட மாட்டார்கள். 'புதுசு' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். மூன்றாம் நாள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், எதற்கு வீண் வேலை என்பார் சூப்பர்வைசர். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான்காம் நாள் பெயர் எழுதி ஒட்டுவது என் பொறுப்பு.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் மழைக்காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மாடி ஸ்டோரிலிருந்து கனமான ட்ரேக்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி லைனுக்குக் கொண்டுவர வேண்டும். நாளெல்லாம் அதுதான். மூன்றாம் நாள் காலை துணிப்பையோடு வந்து நின்றாள்.

"இன்னாடி, பையோட வந்துகீற?"

"சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் போயி ரயிலப் பிடிச்சி ஊருக்குப் போயிருதேன்க்கா. தொட உள்ளுக்குள்ள அத்துப் போச்சு. இனி நடக்கவே முடியாதுன்னு நெனைக்கேன்."

ஊருக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அது வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் அவள்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். பட்டத்தை வைத்துக்கொண்டு ட்ரே எண்ணுகிறேன் என்று வாலாஜாபாத்தில் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கால்பெய்ன் என்ற நொதியைப் பற்றிய பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதி, ஆறு வாங்கியிருந்தேன். டீ இடைவேளையில் அதை முதல் தடவையாக இன்னொருத்திக்குச் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் அறுந்து போவல. தசைக்குள்ள ஒரு கத்திரி கீது. திருகில்லாம, ரெண்டு பாதியும் தனித்தனியா சும்மா கெடக்கும். வெயிட்டோட படி எறங்கசொல்ல தசை இழுபட்டு, உள்ள பூட்டி வெச்சிருக்கிற கால்சியம் கசியும். அதான் திருகு. அது வந்து மாட்டிக்கினா ரெண்டு பாதியும் ஒண்ணு சேந்து வெட்ட ஆரம்பிக்கும். பழுதானத வெட்டி எடுத்தாத்தானே புதுசா கட்ட முடியும்?"

டீயை ஊதிக்கொண்டே யோசித்தாள். பிறகு, கல்லூரியில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்போ நல்லதையும் வெட்டிப்போட்டுட்டா? யாரு நிறுத்துவா?"

அது அந்தப் பத்து மார்க் பதிலின் கடைசிப் பகுதி. பரீட்சையில் நான் எழுதாமல் விட்டதும் அதைத்தான்.

"பக்கத்துலயே ஒரு காவல் கீது, கத்திரியப் புடிச்சிக்கும். கசிஞ்ச கால்சியத்த ஒரு பம்பு திரும்ப உள்ள ஏத்திடும். திருகு போனா கத்திரி படுத்துக்கும். ரெண்டு நாள் பொறு. அடுத்த வாட்டி இவ்ளோ வலிக்காது."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த ட்ரேயை எடுக்கப் படியேறினாள். மாலையில் பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தது வேறு.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். கையில் பை இல்லை.

"கத்திரி இன்னும் படுக்கலக்கா," என்றாள். "ஆனா அதுக்குக் கண்ணு சொருகுது."

நான் உள்ளே ஓடினேன். 'புதுசு' ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே படிக்கும்படி அவள் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன்.