வேனுக்காக ஓடி வாங்கிய பொன்னாடைகள்

நான் ஓடியது ஒரு வேனுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு மேடையில் பேசிய ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. வீரப்பெண் என்றார்கள், மாவட்டத்தின் பெருமை என்றார்கள். வேன் என்ற சொல் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

திருகோணமலை நகரத்தில், துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கட்டடத்தில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். பிசியோதெரபி மிஸ் ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து பிள்ளைகளின் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார். அதற்காகக் கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வருவாள். மகளுக்குக் கால்தான் நடக்காதே தவிர வாய் நன்றாக நடந்தது. எந்தச் சீட்டில் யார் சண்டை பிடித்தார்கள், கண்டக்டர் யாரை ஏசினார், எல்லாம் வந்த கையோடு எனக்குச் சொல்லியாக வேண்டும். பஸ் என்றால் அவளுக்கு உயிர்.

தாய்க்கு அதே பஸ்தான் தண்டனை. "பிள்ள வளர வளரப் பாரமும் கூடுது டீச்சர். ஏறுற நேரம் இடுப்பு விட்டுப் போகுது. இன்னும் எத்தின நாளைக்கு எனக்கு ஏலும்?" என்று ஒருநாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயிற்சி நின்றால் கால் இறுகிவிடும், பிறகு யார் வந்தாலும் நீட்ட முடியாது என்று பிசியோ மிஸ் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். வாசல் வரைக்கும் போய் ஏற்றிவர ஒரு பழைய வேன் இருந்தால் போதும். அவளுக்கு மட்டுமா, கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும்.

பள்ளிக்கூடக் காலத்தில் நான் மரதன் ஓடியவள். அந்த நினைப்பில்தான் ஓடிக் காசு சேர்ப்போம் என்று வாயை விட்டேன். "உமக்கென்ன விசரே? சந்தைக்குப் போய் வரவே மூச்சு வாங்குது" என்றார் என் வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறவர், வாய்தான் அப்படி. நான் விடியற்காலையில் ஓடிப் பழகத் தொடங்கியதும் தண்ணிப் போத்தலோடு ஆட்டோவில் பின்னால் வந்தது அவர்தான். நகரத்தில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். குறிஞ்சாக்கேணியிலிருந்து நகரம் வரை, அந்தத் தாய் பஸ்ஸில் வருகிற அதே வீதியால் நான் ஓடுவது. பின்னால் வரும் ஆட்டோவில் உண்டியல். குழு கடைகளில் காசு சேர்க்கும். கேட்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கிண்ணியாவில் முதல் சந்தியிலேயே மறித்தார்கள். ஒரு விளையாட்டுக் கழகம் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி நின்றது. தலைவர் வந்து என் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். உண்டியலில் ஒருவரும் ஒரு சதம் போடவில்லை. சரி, முதல் இடம்தானே என்று ஓடினேன். பாலம் தாண்டியதும் இன்னொரு பந்தல், இன்னொரு பொன்னாடை. சீனக்குடாவில் இரண்டு. நாலாம் கட்டைச் சந்தியில் வர்த்தகர்கள் பெரிய சால்வையாகவே கொண்டுவந்து, கொதிக்கிற வெயிலில் கழுத்தைச் சுற்றிப் போட்டார்கள். ஐயோ கடவுளே, மூச்சு முட்டியது. கழற்றிக் கழற்றி ஆட்டோவுக்குள் எறிந்தேன். இவர் சிரிப்பை அடக்க முடியாமல், "பின் சீட்டில இனி இடமில்லையப்பா" என்றார்.

அங்கே ஒரு கடை முதலாளியிடம் வாய்விட்டே கேட்டேன். "அண்ணை, இந்தச் சால்வைக் காசை உண்டியலில போட்டிருக்கலாமே?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என்ன டீச்சர் கதை இது? ரோட்டால ஓடி வாற பொம்பிளையிட்ட காசை நீட்டினால் பிச்சை போட்ட மாதிரியெல்லோ? எங்களுக்கும் மரியாதை தெரியும்."

"பிச்சைதான் கேக்கிறன், போடுங்கோ!" என்று கத்தினேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

நகரம் தொடங்கும் அநுராதபுரச் சந்தி தாண்டும்போது கால் என் கால் போல இல்லை. ஓட்டம் முடிகிற மைதானத்துக்குள் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே மேடை. குழு சேர்த்த காசாவது இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு கொடுத்த கடைக்காரர் ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிரதம விருந்தினருக்குப் பெரியது. எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. செயலாளரைத் தனியே பிடித்துக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "மேடை, சவுண்ட், சாப்பாடு எல்லாம் போக மிச்சமில்லை டீச்சர். தந்த ஆக்களுக்கு ஒரு மரியாதை செய்யாமல் விட ஏலுமே? நாளைக்கு அவையளின்ர முகத்தில முழிக்க வேண்டாமே?"

திருடியிருந்தால் ஏசலாம், பொலிசுக்குப் போகலாம். ஒருவரும் ஒரு சதம் திருடவில்லை. ஆளுக்காள் மரியாதை செய்தே ஒரு வேனைத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் மைதான ஓரத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவென்று பஸ்ஸில் வந்து, எனக்கு முன்னமே சேர்ந்திருந்தாள். "டீச்சர், வேன் எப்ப வரும்?"

"பாப்பம் தங்கச்சி" என்றேன். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆட்டோவுக்குள் குவிந்து கிடந்த பொன்னாடைகளைப் பார்த்தாள். பிறகு, "அதில ஒண்டு தருவீங்களா? பிள்ளைய இடுப்போட சேர்த்துக் கட்டலாம். வழுக்காது" என்று கேட்டாள். நல்ல தடிப்பான ஒன்றாகப் பார்த்து இவர் எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தைத் திருப்பி விற்கவும் பார்த்தார். புடைவைக் கடையில் கையெடுத்துக் கும்பிட்டார்களாம், தங்களிடமே விற்காமல் கிடக்கிறதென்று.

தங்கச்சரிகைக் கரை போட்ட சிவப்புச் சால்வையால் கட்டுண்டு, பிரதம விருந்தினர் போல அந்தப் பிள்ளை சில கிழமைகள் வகுப்புக்கு வந்தாள். பஸ் கதைகள் சொன்னாள். மழை தொடங்கியபின் வரவில்லை. தாயின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மழை விட்டதும் நான் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன்.

தாய் பாயில் படுத்திருந்தாள். எழும்ப முயன்றாள், முடியவில்லை. "பஸ்ஸால இறங்கக்குள்ள விழுந்துட்டன் டீச்சர். இடுப்பு அசையுதில்ல." மகள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். சரிந்து விழாமலிருக்க அந்தச் சிவப்புச் சால்வையால் நெஞ்சைச் சுற்றிக் கதிரையோடு கட்டியிருந்தார்கள். நான் குனிந்து அவளுடைய முழங்காலைப் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவளுக்கு நொந்தது, விட்டுவிட்டேன்.

"டீச்சர், இண்டைக்கும் ஓடியா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல மகள், பஸ்ஸில வந்தனான்."

பஸ் என்றதும் முகம் மலர்ந்தது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். முன்னுக்குச் சாயப் பார்த்தாள். சால்வை விடவில்லை. தூக்கினால் பஸ்ஸுக்குத்தான் கொண்டுபோகச் சொல்வாள். நானும் முடிச்சை அவிழ்க்கவில்லை.