நான் வெட்டிய முப்பது நாள்

நான் சின்ன வயதில் படித்த ஒரு பழைய கதையில் காதலர்கள் இருவரும் செத்துப்போவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக அதை நாவலாகத் திருப்பி எழுதியபோது, சிதம்பரத்து இந்துப் பெண்ணையும் பரங்கிப்பேட்டை முஸ்லிம் பையனையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றி, மஞ்சக்குப்பத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துவைத்தேன். காலையில் மனு, சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி.

மதம் மாறாமல் கட்டிக்கொண்டால் இருவர் பெயரும் விலாசமும் முப்பது நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் இருக்கும்; அதற்குப் பிறகுதான் கல்யாணம். அது எனக்குத் தெரியும். கதை இழுக்கிறதென்று அந்த அத்தியாயத்தை நான்தான் வெட்டினேன்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, இரவல் வாங்கிய என் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அதை நம்பி அவளும் தன் முஸ்லிம் சிநேகிதனோடு கடலூர் போய் மனு கொடுத்திருக்கிறாள். பக்கத்து ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் மாமா மூன்றாம் நாளே போர்டைப் பார்த்துவிட்டார். இப்போது அவளுக்குக் காலேஜ் இல்லை, போன் இல்லை. அவனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள்.

புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அந்த போர்டு விஷயம் உங்களுக்கும் தெரியாதுதான?"

தெரியாது என்று தலையாட்டினேன்.