உபரி வேட்பாளர்

பஞ்சாலை என்ற பெண்மணி மாநிலத் தேர்தலில் மூன்று தடவை வேட்பாளராக நின்றவர். மூன்றிலும் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை மணி நேரம் தேறும்.

பெடாஸ் டவுனைத் தாண்டி உள்ளே போனால் வரும் புக்கிட் செரோங் சட்டமன்றத் தொகுதியில் மனுத்தாக்கலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. கட்சி நிறுத்தும் வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறால் தள்ளப்பட்டால் கட்சி வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அதற்காக இன்னொருவர் பெயரிலும் ஒரு மனு போட்டு வைப்பார்கள். அசல் மனு ஏற்கப்பட்டதும் உபரி ஆள் பத்து மணிக்குள் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து கூட்டத்தோடு சேர்ந்து கோஷம் போட வேண்டும்.

உபரி ஆளைத் தேடுவது அசலைத் தேடுவதைவிடக் கஷ்டம். விசுவாசம் இருக்க வேண்டும், ஆசை இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பித் தவறி நின்றாலும் இவருக்கு யார் ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று தலைமையகம் நிம்மதியாகத் தூங்கும்படி இருக்க வேண்டும். அந்த வகையில்தான் பஞ்சாலை தேர்வானார். தொகுதியில் முக்கால்வாசிப் பேருக்கு முகம் தெரிந்த ஒரே கட்சிக்காரர் அவர்தான் என்பது அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பத்தொன்பது வயதில் புக்கிட் செரோங் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் சேர்ந்தார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் இருட்டோடு விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது தாயின் இரண்டு கையும் பிள்ளைமேல் விழுகிற வரை தன் பிடியைத் தளர்த்த மாட்டார். அவசரப்படுகிறவர்களிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் கொட்டகையை மூடிவிட்டார்கள். பிறகு பதினாறு வருடம் நீலாய் டவுன் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடிகாலை பஸ்ஸில் அவரோடு தூங்கி வழிந்தவர்களில் பாதிப் பேர் சுற்றுக் கம்பத்துக் கிராமங்களின் மலாய்ப் பெண்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உதவித்தொகை என்று யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமானாலும் அவருடைய பழைய ஹோண்டா மோட்டார் வாசலில் வந்து நிற்கும். கட்சிக் கிளைக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். தலைவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ஆசை இல்லாதவர் என்று கட்சி நினைத்ததும் தவறுதான். வாக்குச்சீட்டில் தன் பெயர் அச்சாகி ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் மனத்தில் வெகுநாளாகக் கிடந்தது. லோரி ஓட்டும் கணவர் மாயாண்டியிடம் மட்டும் ஒருதடவை சொன்னார். அவர் சிரித்துவிட்டு, சிரித்தது உன்னை நினைத்து இல்லை, கட்சியை நினைத்து என்று சமாதானம் சொன்னார்.

நான்காவது தேர்தலுக்கு அசல் வேட்பாளராக வந்தவர் சிரம்பானைச் சேர்ந்த, டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற ஹேமநாதன். பணிவானவர், படித்தவர், கணினி வியாபாரம் செய்பவர், தன் ஜோதிடரைக் கேட்காமல் புதுச் சட்டையின் மடிப்பைக்கூடப் பிரிக்காதவர். மனுத்தாக்கல் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். நாள் குறித்தவர்கள் ராகுவுக்கு அழைப்பு வைத்தது போலவே அமைந்துவிட்டது.

ஜோதிடர் பரிகாரம் சொன்னார். ராகுகாலம் தொடங்கிய பிறகு துர்க்கை சந்நிதியில் பதினெட்டு எலுமிச்சை விளக்கு ஏற்ற வேண்டும். அது முடிந்து கிளம்பினால் ராகுவே கூட வந்து மனுவைக் கொடுத்த மாதிரி. ஒன்பதுக்கு முன்னால் ஏற்றினால் பலனில்லை. கோயிலிலிருந்து மனுத்தாக்கல் மண்டபம் நடந்தால் பத்து நிமிடம். நேரம் தாராளமாக இருந்தது.

உபரி மனுவுக்கு யாரும் ராகுகாலம் பார்ப்பதில்லை. பஞ்சாலையை ஒன்பது பத்துக்கே உள்ளே அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை அந்த நேரத்தில் புது அரிசி மூட்டையைக்கூடப் பிரிக்காத அவர், துர்க்கையிடம் மனத்துக்குள் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு மனுவை நீட்டினார். அதிகாரி சரிபார்த்து முத்திரை குத்தினார்.

கோயிலில் அன்றைக்குக் காற்று. பதினான்காவது விளக்கை ஏற்றும்போது மூன்றாவது அணைந்தது. மூன்றாவதை ஏற்றப் போனால் ஒன்பதாவது. அணைந்த விளக்கோடு கிளம்பக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். ஒன்பது நாற்பதுக்குத்தான் ஊர்வலம் நகர்ந்தது. முன்னால் உறுமி மேளம், பின்னால் ஆளுயரப் படம் வைத்த லோரி. சந்திப்பில் எதிர்க்கட்சியின் ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அவர்களிடமும் உறுமி மேளம் இருந்தது. இரண்டு குழுவும் ஒரே தோட்டத்து மாமன் மச்சான்கள் என்பதால், யார் கை ஓங்குகிறது என்று பார்க்காமல் விலகுவதாக இல்லை.

மண்டபத்துக்குள் தொகுதிச் செயலாளர் புனிதனுக்குக் கைப்பேசியை எடுத்து எடுத்துக் காது சிவந்திருந்தது. ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு அவர் வாபஸ் கடிதத்தோடு பஞ்சாலையிடம் வந்தார்.

"டத்தோ வாசல் கேட்டுக்கிட்ட வந்துட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்ருங்கக்கா. கடைசி நிமிஷத்துல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டா அசிங்கமாயிரும்."

"உள்ள வரட்டும் தம்பி, போடுறேன்."

"வந்துட்டாருன்னு சொல்றேன்ல. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒன் மேல இருக்கு. கேட்டு மேலதான் இல்ல. டத்தோ பாரம் அந்த மேசையில விழட்டும். பேனா என் கையிலதான் இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது."

புனிதன் கெஞ்சினார், பல்லைக் கடித்தார், இருபத்திரண்டு வருட விசுவாசத்தை நினைவுபடுத்தினார். பஞ்சாலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்சியின் விதிப்படி அசல் மனு ஏற்கப்பட்ட பிறகுதான் வாபஸ். அவர் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். அதுதான் பார்க்கிறவர்களுக்குக் கலகமாகத் தெரிந்தது.

பத்து மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. பத்தும் இரண்டு நிமிடமும் ஆனபோது ஹேமநாதன் மாலையோடும் வியர்வையோடும் கதவுக்கு வெளியே நின்றார்.

மத்தியானத்துக்குள் தலைமையகத்திலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பு பஞ்சாலையைத் துரோகி என்றது. இரண்டாவது, துரோகியை நீக்கினால் கட்சிக்கு வேட்பாளரே இல்லை என்பதைக் கண்டுபிடித்திருந்தது. மூன்றாவது அவரை அம்மா என்று அழைத்து வாழ்த்துச் சொன்னது. ஆனால் ஊரில் பேச்சு அடங்கவில்லை. திட்டம் போட்டுச் சீட்டைப் பறித்தவள் என்று கிளைக்குள்ளேயே சொன்னார்கள். ஜெயித்தால்தான் அந்தப் பேச்சு சாகும். தோற்றால் இருபத்திரண்டு வருடமும் போடாத அந்த ஒரு கையெழுத்துக்குள் போய் அடங்கிவிடும். பஞ்சாலைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வாக்களிப்புக்குப் பதினான்கு நாள் இருந்தது.

அச்சடித்து அடுக்கியிருந்த சுவரொட்டிகளில் ஹேமநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒட்டப் பஞ்சாலையிடம் இருந்தது மகள் மோகனாவின் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றுதான். அதையே வெட்டி ஒட்டினார்கள். தொகுதி முழுக்க அவர் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக, சம்பந்தியை வரவேற்கிற முகத்தோடு நின்றார்.

இரண்டு தவணையாகப் பதவியில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளரின் ஆட்கள் அவருக்கு ஸ்பேர் டயர் என்று பெயர் வைத்தார்கள். பெரிய ஒலிபெருக்கியில் நாள் முழுக்க அதையே சொன்னார்கள். நான்காம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் பஞ்சாலை ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"என்னைய ஸ்பேர் டயருங்கிறாங்க. சரிதான்லா. ஓடிக்கிட்டு இருக்கிற டயரு பத்து வருஷமா காத்தில்லாம கெடக்குதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

திடல் சிரித்து முடிக்க நேரம் ஆனது. மறுநாள் காலை பெடாஸ் பாசாரில் மீன்காரர் அதை மலாய்மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் அவர் மேடை அதிகம் ஏறவில்லை. மோட்டாரில் வீடு வீடாகப் போனார். தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் நின்றுபோனதைப் பல வீடுகளில் சொன்னார்கள். கம்பங்களில் பழைய பஸ் சிநேகிதிகள் வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தோட்டத்து லயத்து வீடுகளிலும் புதுக் குடியிருப்பிலும் அவரிடம் பால்புட்டி குடித்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஓட்டுரிமையோடும் தாடியோடும் இருந்தார்கள். நீ எத்தனை மணிக்குத் தூங்குவாய், எதற்கு அழுவாய் என்று ஒவ்வொருவனிடமும் அவன் மனைவிக்கு முன்னாலேயே சொன்னார். அவர்கள் வெட்கத்தோடு கட்சி மாறினார்கள். கடைசி வாரத்தில் ஹேமநாதனும் வந்து சேர்ந்தார். கோபம் இருக்கிறதா என்று மாயாண்டி கேட்டதற்கு, தன் ஜாதகத்தில் இந்த வருடம் பிறருக்கு உழைக்கும் யோகம் என்று ஜோதிடர் சொல்லியிருப்பதாகப் பதில் சொன்னார். அவர் உழைத்ததில் குறை சொல்ல முடியாது.

வாக்களிப்பு நாளன்று பஞ்சாலை பள்ளிக்கூட அறையின் மறைப்புக்குள் சீட்டை விரித்தார். இரண்டாவது கட்டத்தில் பெயர் இருந்தது. அப்பா பெயரோடு முழுசாக இருந்தது. அவர் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தில் வெளியே இருந்த குமாஸ்தா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

மாலையில் எண்ணத் தொடங்கியதும் டவுன் பெட்டிகளில் பின்தங்கினார். கம்பத்துப் பெட்டிகளில் சமமானார். தோட்டத்துப் பெட்டி வந்ததும் எதிர்க்கட்சி முகவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானூற்றுப் பதினேழு ஓட்டுப் பெரும்பான்மை. கட்சி அந்தத் தொகுதியை அதற்கு முன் ஜெயித்ததே இல்லை. வெளியே அந்த இரண்டு உறுமி மேளக் குழுவும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தன. தோற்ற கட்சியின் குழு கொஞ்சம் ஓங்கியே அடித்தது. புனிதன் பத்திரிகைக்காரர்களிடம் இது கட்சியின் நெடுநாள் திட்டத்தின் பலன் என்றார். பஞ்சாலை பக்கத்தில் நின்று அமைதியாகத் தலையாட்டினார். கட்சிக் கட்டுப்பாடு என்றால் அவருக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

அடுத்த மாதம் சிரம்பானில் சட்டமன்றம் கூடியது. அந்த அவையில் உறுப்பினர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, தொகுதியின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். இத்தனை வருடம் தன் பெயருக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு, பெயர் தேவைப்படாத ஒரே இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் சபாநாயகர் பட்டியலைப் பார்த்து, "புக்கிட் செரோங்" என்றார்.

பஞ்சாலை அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். மேல்வரிசைப் பார்வையாளர் இருக்கையில் மாயாண்டி பக்கத்தில் இருந்தவரிடம், அது என் வீட்டுக்காரி என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். பஞ்சாலை ஒலிவாங்கியை அழுத்தி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் எந்த வருடம் எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, யார் கையெழுத்தில் நிறுத்தப்பட்டது என்று மலாயில் நிதானமாகக் கேட்டார். பதில் சொல்ல வேண்டிய ஆட்சிக்குழு உறுப்பினர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பதில் வரும்வரை பஞ்சாலை உட்காரவில்லை.