உப்புப் போடாத கஞ்சி

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று பல நாள் தள்ளிப்போட்டேன். இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டும். இது கழிவறை சம்பந்தப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டுப் படியுங்கள்.

எனக்கு எளிதில் அருவருப்பு வராது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் துப்புரவு வேலை செய்தேன். நோயாளிகள் படுக்கையில் போவதையும் தரையில் வாந்தி எடுப்பதையும் அள்ளியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் சோறு இறங்கும். பாவம், அவர்கள் வேண்டுமென்றா செய்கிறார்கள்? அந்த ஆஸ்பத்திரியை மூடிய பிறகுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். நூம்பலில் என் வீட்டிலிருந்து வேலப்பன்சாவடிக்கு நடந்து, ஷேர் ஆட்டோவில் வானகரம் போய், அங்கிருந்து இன்னொரு ஆட்டோ.

கழிவறை கழுவும் ரோபோ செய்கிற கம்பெனி அது. ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், மால் என்று பெரிய இடங்களுக்கு விற்கப்போகிறார்களாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு வண்டி. அதற்கு ஒரே ஒரு கை. கையின் நுனியில் பிரஷ், பிரஷுக்கு மேல் கேமரா. கூடத்தின் நடுவில் நான்கு கழிவறைகளைக் கதவில்லாமல் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். அவற்றில் யாரும் உட்கார்ந்தது கிடையாது. மெஷின் பழகுவதற்காகவே கட்டியவை. எது அழுக்கு, எது தண்ணீர், எது கறை என்று படம் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும் என்று சொன்னார்கள். அது கழுவாமல் விட்டதைக் கழுவுவது என் வேலை.

முதலில் அழுக்குக்குப் பதிலாகக் களிமண்ணும் பழுப்பு பெயிண்டும்தான் பூசினார்கள். மெஷின் பெயிண்டின் பளபளப்பைப் பிடித்துக்கொண்டது. வேறு எதைப் பார்த்தாலும் அழுக்கு என்று ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையானதைக் கொண்டுவர மேலிடத்தில் அனுமதி இல்லை. என்ன செய்வது என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வெயில் காலம். காலையில் கட்டிக்கொண்டுபோன கஞ்சி மதியத்துக்குள் புளித்துவிட்டது. பச்சரிசி, பாசிப்பயறு, பூண்டு, கொஞ்சம் வெந்தயம் போட்ட கஞ்சி. கொட்ட இடம் தேடிப் போகச் சோம்பல்பட்டு, மூன்றாவது கழிவறையில் ஊற்றிவிட்டேன். தண்ணீர் விடுவதற்குள் மெஷின் கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. கூடவே மெஷினைப் பழக்குகிற இன்ஜினீயர் பெண் ஓடி வந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், முப்பது வயதுகூட இருக்காது.

"அக்கா! இதுல என்ன ஊத்துனீங்க?"

"மன்னிச்சிக்கோங்க மேடம். கஞ்சி புளிச்சிப்போச்சி. இதோ கழுவிடறேன்."

"ஐயோ, கழுவாதீங்க! கைய வைக்காதீங்க! இங்க ஸ்கிரீனப் பாருங்க. வாந்தின்னு போட்டிருக்கு! ரெண்டு மாசமா நாங்க ஊத்துன எதையும் இது வாந்தின்னு ஒத்துக்கவே இல்லக்கா."

திரையில் என் கஞ்சியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

மறு வாரம் காபி போடும் அறையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. தினமும் நான் மூன்று விதம் செய்ய வேண்டும். ஒன்றாம் நம்பர் ராகிக் களி. எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நம்பர் கஞ்சி. மூன்றாம் நம்பர் பீட்ரூட் சாறு, வெற்றிலை எச்சிலுக்கு. ஒருநாள் தண்ணியாக, ஒருநாள் கெட்டியாக, ஒருநாள் பயறு முழுசாக. "வித்தியாசம் வேணும்க்கா, மனுஷங்க வித்தியாசமாதானே எடுப்பாங்க" என்பாள் அந்தப் பெண். நல்ல பெண்தான். என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

பூண்டு வெந்து, வெந்தய வாசனை எழுந்து கூடம் முழுக்கப் பரவும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பசிக்கிறது என்பார்கள். அதை வாளியில் எடுத்துப்போய் நான்கு கழிவறைகளிலும் என் கையால் கொட்டுவேன். விளிம்பில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். பதினோரு வருஷம் உண்மையானதை அள்ளியபோது வராத குமட்டல் எனக்கு அங்கேதான் வந்தது. நாற்றமெடுத்தால் தாங்கியிருப்பேன். அது மணத்தது.

ஒருநாள் அவர்களில் இரண்டு பையன்கள் பந்தயம் கட்டினார்கள். ஒருவன் வாளியில் விரலை விட்டு நக்கினான்.

"டேய் மச்சான், சூப்பரா இருக்குடா! உப்புதான் இல்ல."

"வாந்தில உப்பு பாக்கறான் பாரு நாயி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அன்று மதியம் என் டப்பாவை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவன் சொன்னது சரி. நான் உப்புப் போடுவதில்லை. கீழே கொட்டுவதற்கென்றே செய்வதில் உப்புப் போட எனக்கு மனம் வரவில்லை. மனுஷர் வாய்க்குப் போகிற சோற்றில் உப்பு இருக்கும், இதில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் அது ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் சர்ச் சபையில் பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கஞ்சி என் கை. கோயிலில் நான் கடைசிப் பாயில் உட்காருகிறவள். ஜெபம் பண்ணச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைக் காட்டிவிடுவேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லோரும் என்னிடம் வருவார்கள், "கஞ்சி அக்கா, இன்னொரு கரண்டி" என்பார்கள். அதே அரிசி, அதே பயறு, அதே பூண்டு. அதுதான் இதுவும் என்று என் மனசு நினைத்துவிடக் கூடாதே என்று பயந்தேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி வந்த வாரம், செவ்வாய்க்கிழமை, மெஷினை வாங்கப்போகிறவர்கள் பார்க்க வந்தார்கள். புதுச் சட்டை, சென்ட் வாசனை. அந்தப் பெண் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவங்கதான் எங்க செஃப்."

எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "அம்மா, சொல்லுங்க, என்னென்ன போடுவீங்க?"

சொன்னேன். வேலை இடத்தில் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். "உப்பு மட்டும் போட மாட்டேன் சார். இது சாப்பிடறதுக்கு இல்ல, வாந்திக்குத்தானே." அதைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் கம்பெனி அந்த வீடியோவை வெளியே விட்டது. அந்தப் பெண் ஆசையாக எனக்கும் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏய், டிவில வர்ற மாதிரி கீறடி" என்று தன் தங்கைக்கு அனுப்பினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையே கோயிலின் பின்பக்கக் கொட்டகையில் அண்டாவை ஏற்றிவிட்டேன். அன்று எல்லோரும் உபவாசம். கஞ்சியைப் பாதிரியார் ஜெபித்து இறக்கும்வரை சமைக்கிறவளும் நாக்கில் வைக்கக் கூடாது. எல்லாம் கை அளவுதான். ஒன்பது வருஷமும் என் கை அளவு தப்பியதில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிண்டிக்கொண்டிருந்தேன். தண்ணியாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, பயறு முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். விளிம்பில் ஒட்டியதைப் பார்த்தபோது சிவப்புக் கோடு போட்டது மாதிரி இருந்தது. தலையை உதறிக்கொண்டேன்.

ஜெபம் முடிந்து வரிசை வந்தது. முதலில் நின்றது என் நாத்தனார். ஒரு வாய் குடித்தாள்.

"அண்ணி, உப்பு எங்க?"

பக்கத்தில் நின்ற அம்மாள், "துவையல் கீதில்ல, தொட்டுக்கினு குடியேன்" என்றாள்.

"இரு இரு. கொஞ்சங்கூட இல்ல. நீ குடிச்சிப் பாரேன்." நாத்தனாருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனசு கிடையாது அவளுக்கு, வாய்தான் நிற்காது. "ஏன் அண்ணி, உப்பு போடலன்னா அது எதுக்குன்னு நீதானே வீடியோல சொன்ன? கம்பெனிக்கு ஊத்தவேண்டியத்த இங்க தூக்கினு வந்துட்டியா?"

"இன்னா வீடியோ?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் போனை எடுத்தாள். கரண்டியை வைத்துவிட்டு அதை வாங்கக் கை நீட்டினேன். போன் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. என் குரல் எனக்கே கேட்டது: வாந்திக்குத்தானே, வாந்திக்குத்தானே. முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் தம்ளரைச் சுவர் மேல் வைத்தாள். அடுத்தவள் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள். சுவர் நீளத்துக்கும் தம்ளர்கள். ஒரு பெரியவர் மட்டும், "பசிக்கு இன்னாத்த பாக்கறது" என்று நின்றபடியே குடித்து முடித்தார்.

நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். உப்பு ஒரு கல்கூட இல்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். உப்பு ஜாடி என் பக்கத்திலேயே இருந்தது, மூடியே திறக்கவில்லை. என் கை இரண்டாம் நம்பரைச் செய்திருக்கிறது. அதைப் பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்களுக்கு ஊற்றியிருக்கிறது.

சுவருக்குப் பின்னால் ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் மஞ்சள் தண்ணீர்தான் நூலாக வந்தது. மண்ணில் அது கிடந்ததைப் பார்த்தேன். நான் தினமும் செய்கிறதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மெஷின் இதைப் பார்த்தால் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

யாரோ உப்பைக் கரைத்து அண்டாவில் ஊற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் பெரிதாக வரவில்லை. நாத்தனார் என் அருகில் வந்து நின்றாள். "அண்ணி, சும்மா தமாசுக்குச் சொன்னேன், இப்படி ஆவும்னு தெரியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கமிட்டியில் இருக்கும் அம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள்: "உனக்கும் வேலை ஜாஸ்தியா போச்சும்மா. அடுத்த வருஷம் வேற யார்னா பாத்துக்கட்டும்."

தலையாட்டினேன். மீந்த கஞ்சியை வாளி வாளியாக எடுத்துப்போய்க் கால்வாயில் கொட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த வேலை கைக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போனேன். இரண்டாம் நம்பர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். அரிசி தீர்ந்துவிட்டது என்றேன். பதினோரு மணிக்கு இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று வந்து இறங்கியது. பிரித்து உலை வைத்தேன்.