கருவாட்டு மேட்டில் நின்று எண்ணியவை

போன தை மாதம் படகுத்துறையில் ஒரு பலகை வைத்தார்கள். 'இக்காட்டில் இரைகொல்லிப் பறவைகள் பெருகி வருகின்றன!!' ஐந்து சொற்கள், இரண்டு ஆச்சரியக்குறிகள்.

நானோ இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் சிதம்பரத்தில் பஸ் ஏறி இந்தச் சுரபுன்னைக் காட்டுக்கு வந்து பருந்துகளை எண்ணுகிறவன். மதகுக்குப் பக்கத்து மேட்டில், அதே இடத்தில், அதே ஒரு மணி நேரம். பதினொரு நோட்டுகள். அவற்றின்படி பருந்துகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. ஒன்று, பலகை பொய் சொல்கிறது, இல்லையென்றால் நான். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன்.

பலகையை வைத்த கடலூர்ப் பறவை ஆர்வலர் குழுவுக்குச் செயலாளர் என் மனைவியின் தம்பி. ஓய்வுபெற்றதும் சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்குக் கேமரா வந்தது. போனில் கூப்பிட்டேன்.

"பலகைய எடுத்துடு மச்சான்."

"எதுக்கு மாமா? பருந்து ஜாஸ்தியானா உங்களுக்கு என்னா வயித்தெரிச்சல்?"

"என் நோட்ட வந்து பாரு."

"உங்க நோட்ட யாரு கேட்டா? ஆண்டறிக்கைக்கு எங்க கணக்குதான் போவுது."

அறிக்கை அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருந்தது. எனக்கு எழுபத்தாறு வயது. ஒரு வரியாவது அதில் ஏறாவிட்டால், நான் செத்த மறுவாரம் பதினொரு நோட்டையும் பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துவிடுவார்.

அவர்கள் எண்ணுவது ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் லீவு. எனக்கு அன்றைக்குப் பூசை. அந்த வாரம் பூசையை விட்டுவிட்டு, நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். குழு காட்டுக்குள் நுழையவே இல்லை. சாலை திரும்பும் இடத்தில் டீக்கடை. எதிரே நான்கு கோழிக்கடைகள். அவற்றின் பின்னால் குப்பைக்குழி. ஞாயிறு காலை ஊரே கறி வாங்குகிறது. தோலும் குடலும் குழியில் விழ விழ, சுற்றுவட்டாரப் பருந்தெல்லாம் விருந்துக்கு வந்திருந்தன. ஒன்பது பேர் கையில் டீயோடு எண்ணினார்கள். வெண்தலைச் செம்பருந்து ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டதும் ஐந்து பேர் பென்சிலைப் பல்லில் கவ்விக்கொண்டு, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது மூன்று முறை சுற்றியது. தாளில் மூன்று ஏறியது.

"இது காடா, கறிக்கடையா?" என்று கேட்டேன்.

"குப்பைக்கு வந்தா அது பருந்து இல்லன்னு ஆயிடுமா மாமா?" என்றார் மச்சான். "நீங்க மட்டும் சொர்க்கத்துலயா நின்னு எண்ணுனீங்க?"

"எங்க நின்னேன்னு காட்டுறேன், வா."

துடுப்புப் படகு ஒன்றில் அவரை ஏற்றிக்கொண்டு மதகு மேட்டுக்குப் போனேன். படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தக் கரையிலேயே பிறந்தவர். மேட்டில் ஏறி நின்று என் முறையை விளக்க ஆரம்பித்தேன். படகோட்டி சிரித்துவிட்டார்.

"இங்கியா சார் நின்னீங்க? இது எங்கம்மா கருவாடு காயவெச்ச மேடாச்சே! ஊருல பாதிப் பொம்பளைங்க இங்கதான் காயப் போடுவாங்க. பருந்தத் தொரத்தவே ஒரு ஆளு கம்பு வெச்சிக்கினு நிக்கும். அப்பறம் அக்கரையில சிமெண்டுக் களம் கட்டுனாங்க. அங்க போயிட்டோம். பருந்தும் எங்க கூடவே வந்துடுச்சி."

"எப்ப?"

"எம் பொண்ணு பத்தாவது எழுதுன வருசம். பதினோரு வருசம் ஆச்சி."

கணக்குப் போட்டேன். ஆறாம் நோட்டு. சரிவு தொடங்குவது அங்கேதான். இரண்டாம் நோட்டில் 'நாற்றம் தாங்கவில்லை' என்று நானே நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தவன், காலடியைப் பார்க்கவில்லை.

மச்சானுக்குச் சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. "எங்களுது கோழி, உங்களுது கருவாடு. ஆக மொத்தம் பருந்த யாருமே எண்ணல மாமா."

"நீ சொல்லு, கூடியிருக்கா கொறஞ்சிருக்கா?" என்று படகோட்டியைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் சோறு போடுற எடத்துலயே நின்னு எண்ணுறீங்க. கல்யாணப் பந்திய எண்ணி ஊரு சனத்தச் சொல்ல முடியுமா சார்? அதுங்க கட்டுற கூட்ட எண்ணுங்க."

குறுகலான கால்வாய்கள் வழியாக உள்ளே கூட்டிப்போனார். ஓர் உயரமான மரத்தடியில் படகு நின்றது. உச்சியில் கட்டில் அகலத்துக்குச் சுள்ளிக்கூடு: கடற்கழுகு கட்டியது, அதுவும் இரைகொல்லிதான். "எங்கப்பா காலத்துல இந்தப் பக்கம் நாலு இருந்துச்சி. இப்ப இது ஒண்ணுதான்" என்றார். முட்டை வைக்கும் பருவம் அது. கூட்டின் கீழே புது எச்சம் இல்லை, மீன் முள் இல்லை. எழுபது நிமிடம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

மச்சான் தாளை எடுத்தார். குரலில் கிண்டல் போயிருந்தது. "கூடு இருக்குதுல்ல மாமா. ஒண்ணுன்னு போட்டுக்கலாமா?"

"காலி வூட்டுக்கு ரேஷன் கார்டு குடுப்பியா?"

"அப்ப அறிக்கையில எதப் போட? உங்க நோட்டா?"

பதினொரு நோட்டும் பையில் மடிமேல் இருந்தன. "என் நோட்ட வுடு. உன் குப்பைக்குழியையும் வுடு. கூடு ஒண்ணு, பறவை பூஜ்யம். அதப் போடு."

"பூஜ்யத்த அச்சடிச்சா சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டும். எண்ணுனது யாருன்னு கீழ நம்ம ரெண்டு பேரையும் போடு."

எழுதினார். பேனா என்னிடம் வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

"தண்ணி வத்துது, படகு தரை தட்டிடும்" என்றார் படகோட்டி. "பூஜ்யத்துக்கு இன்னும் எவ்ளோ நேரம் காத்திருப்பீங்க?"

பத்து நிமிடம் என்றேன். மச்சான் கேமராவை மர உச்சிக்குத் திருப்பினார்.